நெல்லிமூலைக்கு ரோடு வரும்வரை

1

போன வாரம் ஒரு சாயங்காலம் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மழைக்கோட்டுப் போட்ட ஒரு மனிதர், மார்பில் கட்சி நிற ரிப்பன், கையில் ஒரு கத்தைத் தாள். எங்கள் வார்டு கவுன்சிலராம். இங்கே மே மாதம் உள்ளூர்த் தேர்தல், மறுபடியும் நிற்கிறாராம். இங்கே என்று நான் சொல்வது இங்கிலாந்தின் வடக்கே, மூடிப்போன பஞ்சாலைகளும் ஓயாத மழையும் உள்ள ஒரு சின்ன நகரம். நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஏற்காட்டை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். "உங்கள் தெருவுக்கு எது முதலில் வேண்டும், எது அப்புறம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், மேடம். நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் செய்யப் போகிறோம்" என்றார். தாளைப் பார்த்தேன். நாய்கள் நடைபாதையில் அசிங்கம் செய்வதைத் தடுப்பது. கார் நிறுத்த இடம். கோடைக்காலத்தில் விளக்குக் கம்பங்களில் பூத்தொட்டி தொங்கவிடுவது.

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "பூத்தொட்டியா? ஊர் முன்னேற்றம் என்றால் உங்களுக்குப் பூத்தொட்டிதானா? உங்களை மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று கத்தினேன். கத்தியதில் பாதி தமிழ். அந்த மனிதர் ஒரு படி கீழே இறங்கி நின்றுகொண்டார். மாடியிலிருந்து என் மகள் மீனா ஓடிவந்து, "அம்மாவுக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த ஊரில் சத்தமாகப் பேசினாலே மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கவுன்சிலர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் கெட்ட நேரம், அவர் வந்தது மே மாதம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே திருவிழாவில், என் கண் முன்னால், எங்கள் ஊர் தன் ஓட்டைத் தூக்கி ஒருத்தன் கையில் கொடுத்தது. அதிலிருந்து மே பிறந்தாலே எனக்கு மண்டைக்குள் ஏதோ கொதிக்க ஆரம்பித்துவிடும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2

எங்கள் ஊர் நெல்லிமூலை. ஏற்காட்டிலிருந்து ஜீப் போகிற ரோடு ஒரு பெரிய பலாமரத்தடியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் பாறையும் ஓடையும் வழுக்கலுமாக ஒற்றையடிப் பாதைதான். காப்பி மூட்டையும் ஆரஞ்சுக் கூடையும் தலைச்சுமையாகத்தான் வரும். நோயாளி வந்தாலும் அப்படித்தான். கம்பளியின் இரண்டு முனையையும் ஒரு மூங்கிலில் கட்டி, அதில் ஆளைப் படுக்க வைத்து, முன்னால் இருவர் பின்னால் இருவர் தூக்கி வருவார்கள். நான் நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனதே அந்தக் கம்பளியில் கிடந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான்.

அந்த வருஷம் நான் மகளையும் கூட்டிக்கொண்டு லீவில் போயிருந்தேன். ரொம்ப வருஷமாக நடக்காமல் கிடந்த பஞ்சாயத்துத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு. தலைவர் பதவிக்கு ஒருவர் நின்றார். அவர் பெயரை என் கையால் எழுத எனக்கு இஷ்டமில்லை. தலைவர் என்றே சொல்கிறேன். சமவெளியிலிருந்து வந்த ஆள் இல்லை, பக்கத்து மலை ஊர்க்காரர்தான். சாமையும் தினையும் விதைத்த வீட்டில் பிறந்து, ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பஜாருக்கு இறங்கி, ஜீப் வாங்கி வாடகைக்கு விட்டு, வெள்ளைச் சட்டைக்கு மாறியவர். எங்கள் சனத்தின் மனசு அவருக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

என் அண்ணன் வெள்ளையன்தான் எங்கள் ஊருக்கு மூப்பர். ஊர்க்காரியம் எதுவானாலும் மூப்பர் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே சொன்ன மாதிரி. திருவிழா அன்றைக்குச் சேர்வராயன் கோயில் குகை வாசலில் அண்ணனும் ஊர்க்காரர்களும் நின்றிருந்தபோது தலைவர் கும்பிட்டுக்கொண்டே வந்தார். கையில் அவரே வாங்கி வந்த சூடம்.

"ஏனுங்க மூப்பரே, நெல்லிமூலைக்கு நான் ரோடு போட்டுத் தர்றனுங்க. ஆனா எனக்கும் ஒரு பிடிமானம் வேணுமில்லீங்களா? வாய்ப் பேச்சு காத்தோட போயிருமுங்க. சாமி முன்னால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"என்னன்னு சொல்றதுங்க?" என்றார் அண்ணன்.

வார்த்தையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதைத் திருப்பிச் சொன்னார். "நெல்லிமூலைக்கு ரோடு வர்ற வரைக்கும் நீங்க கை காட்டற பக்கந்தான் எங்க ஓட்டு. சேர்வராயன் மேல சத்தியம்." சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மலை இறங்கும்போது அண்ணனைக் கேட்டேன். "ஏனுங்ணா, நீங்க சூடம் அணைச்சீங்க. அவரு ஏன் அணைக்கலை?"

"அவரு ரோடு தர்றவரு கண்ணு. தர்றவங்ககிட்டப் போயி சத்தியம் பண்ணுங்கன்னு கேக்கறது மருவாதியில்லை."

மரியாதை. இந்த ஒரு வார்த்தைக்காக எங்கள் சனம் இழந்ததை எழுதினால் புத்தகம் கொள்ளாது. உலகத்தில் வேறு எந்த ஊராவது இப்படி ஒரு பக்கம் மட்டும் சத்தியம் பண்ணிவிட்டு, மறு பக்கம் சும்மா கும்பிடு போட்டுவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்குமா? அன்றைக்கே நான் அண்ணனை விடாமல் கேட்டிருக்க வேண்டும். ஆனால் திருவிழாக் கூட்டம், மகளுக்குப் பலூன், கேசரி என்று அந்த நாள் போய்விட்டது.

3

தலைவர் ஜெயித்தார். எங்கள் ஊர் ஓட்டு ஒன்றுகூடச் சிந்தாமல் சிதறாமல் அவருக்குப் போயிற்று.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குக் கேசட்டில் வந்தது. அண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், எழுதுவது கஷ்டம். அதனால் டேப்ரிக்கார்டரில் பேசி, சேலத்துக்கு இறங்குகிற யார் கையிலாவது கொடுத்துத் தபாலில் சேர்ப்பார். பின்னால் சேவல் கூவும், ஓடை சத்தம் கேட்கும். நடுவில், "ரோடு அளக்க வந்தாங்க கண்ணு. சங்கிலி போட்டு அளந்துட்டுப் போனாங்க" என்பார். அடுத்த வருஷக் கேசட்டில், "வெள்ளைக் கல்லு நட்டுட்டுப் போயிருக்கறாங்க" என்பார். அதற்கடுத்த வருஷம், "அந்தக் கல்லு மழையில சாஞ்சுபோச்சு, மறுபடி அளக்கோணும்ங்கறாங்க" என்பார். அண்ணன் குரலில் ஒரு சலிப்பும் இருக்காது. எனக்குத்தான் இங்கே பல் நறநறவென்று வரும்.

தலைவருக்கு வேறு வேலை இருந்தது. கோடை விழாவுக்கு வருகிறவர்கள் பார்த்து மகிழ ஏரிப் பக்கம் சிமெண்டில் ஒரு வரவேற்பு வளைவு கட்டினார். அதில் கலர் பல்பு, இரண்டு பக்கமும் மயில், நடுவில் அவர் பெயர். லாட்ஜ்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரே சந்தோஷம். ஊர் பளிச்சென்று ஆகிவிட்டதாம். ரோடு இல்லாத மலை ஊர்கள் பளிச்சென்ற கணக்கில் வராது, ஏனென்றால் அங்கே யாரும் போட்டோ எடுக்கப் போவதில்லை.

சட்டசபைத் தேர்தல் வந்தது. பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. ஒவ்வொரு முறையும் தலைவர் பலாமரத்தடி வரைக்கும் ஜீப்பில் வந்து, இறங்கக்கூட இறங்காமல், இன்ன சின்னம் என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் ஊர் அதே சின்னத்தில் குத்திவிட்டு வரும். நெல்லிமூலை ஓட்டு என் மடியில் என்று அவர் கட்சிக்காரர்களிடம் பெருமை பேசியது மலை முழுக்கத் தெரியும்.

பிறகு ஒரு கேசட் வந்தது. அதில் சேவல் சத்தம் இல்லை. டேப் மட்டும் ஓடியது.

"உங்கண்ணி போயிட்டா கண்ணு" என்றார்.

பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு, மழையில் வழுக்கி எழுந்து, பலாமரத்தடிக்கு வந்திருக்கிறார்கள். அங்கே எப்போதும் வாடகைக்கு நிற்கிற தலைவரின் ஜீப் அன்றைக்கு இல்லை. வளைவுத் திறப்பு விழா அன்றைக்கு. ஜீப் நாற்காலி ஏற்றப் போயிருந்தது. அண்ணியைத் தரையில் இறக்கிவைக்க மனமில்லாமல், தோளில் தாங்கியபடியே ஜீப்புக்காக நின்றிருக்கிறார்கள். ரத்தம் கம்பளியை நனைத்துத் தோளில் இறங்கியதாம். தாயும் பிள்ளையும் அந்தப் பலாமரத்தடியிலேயே முடிந்துபோனார்கள்.

நான் பிரசவ வார்டு நர்ஸ். அந்த மாதிரிக் கேஸ் என் கையில் எத்தனையோ பிழைத்திருக்கிறது. ஒரு ரோடும் ஒரு வண்டியும் இருந்திருந்தால் என் அண்ணியும் பிழைத்திருப்பாள். அதை நினைக்கும்போது இன்றைக்கும் அந்த வளைவைக் கடப்பாரையால் இடிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாந்தமாக எழுதச் சொல்லாதீர்கள்.

4

மீனாவுக்கு இதெல்லாம் புரியவைக்கப் பார்த்திருக்கிறேன். அவள் இங்கே வளர்ந்தவள், காலேஜில் சட்டம் படிக்கிறாள். சேர்வராயன் திருவிழாவில் வாங்கிக் கொடுத்த பலூன்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை. சத்தியம் என்ற வார்த்தைக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் கிடைக்காமல் நான் திண்டாடினேன். "ஓ, அக்ரிமெண்ட்தானே? ஒரு பக்கம் அவர் வாக்கை நிறைவேற்றவில்லை. அப்படியென்றால் மாமாவை அது கட்டுப்படுத்தாது. சிம்பிள்" என்றாள். சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள்.

அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் அவள் மாமாவிடம் அதைப் போய்ச் சொல்ல முடியாது. அவளுக்கு அவ்வளவு தமிழ் வராது, அவருக்கு அவ்வளவு சட்டம் வராது. நடுவில் நான் ஒருத்தி இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு கிடக்கிறேன்.

இந்த ஊர் வந்த புதிதில் எனக்கும் ஒன்றும் புரியாது. கவுன்சிலர் சனிக்கிழமை நூலகத்தில் சர்ஜரி நடத்துகிறார் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவளுக்கு எப்படி இருக்கும்? நூலகத்தில் வைத்து யாரைக் கிழிக்கிறார் என்று வார்டில் கேட்டுவைத்தேன். குறைகேட்கும் நேரத்துக்கு அப்படி ஒரு பெயராம். சிஸ்டர்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு ஒருமுறை எங்கள் வீட்டு முன்னால் ரோட்டில் குழி விழுந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஒரு போன் செய்தார். யாரோ வந்து குழியைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டார்கள். அது எந்த ஃபாரம், எந்த இலாகா, யார் கையெழுத்து என்று கொஞ்ச நாள் இழுத்தடித்தார்கள். கிழவர் தினமும் அவர்களைத் திட்டினார். பிறகு வந்து மூடிவிட்டுப் போனார்கள். கிழவர் யாருக்கும் சூடம் அணைக்கவில்லை. அடுத்த தேர்தலில் வேறு கட்சிக்குப் போட்டுவிட்டு அதையும் வாசலில் நின்று சொல்லிச் சிரித்தார். மூடிய குழியைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன். என்ன ஆச்சு என்று கிழவர் கேட்டார். "குழியை மூடிவிட்டார்களே" என்றேன்.

மீனாவுக்கு ஓட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒருமுறைகூடப் போடவில்லை. மழையாம். எல்லாரும் ஒன்றுதானாம். அதற்கும் நான் கத்துகிறேன்.

5

அண்ணி போன மறு வருஷம் ஊருக்குப் போனேன். நேராகத் தலைவரின் ஆபீசுக்குப் போனேன். மேஜையில் கண்ணாடி, சுவரில் வளைவின் பெரிய போட்டோ. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்படி ஒரு பணிவு.

"வாங்க சிஸ்டர், வாங்க. எப்ப வந்தீங்க? டேய், சிஸ்டருக்கு டீ சொல்லு. உங்கண்ணி விஷயம் கேட்டு மனசு நொம்பச் சங்கடமாப் போச்சுங்க."

"டீ வேண்டாங்க. ரோடு எப்ப வரும்?"

"வந்துருமுங்க. மேல எழுதியிருக்குதுங்க. மெட்ராஸ்ல ஃபைல் கெடக்குது."

"வளைவுக்கு ஃபைல் கெடக்கலையா?"

சிரித்தார். "அது டூரிஸ்டு வர்ற எடமுங்க. நாலு பேரு வந்தாத்தான் நம்ம ஊரு பொழைக்கும். எது மொதல்ல, எது அப்பறம்னு நாங்க பாத்துத்தான் செய்யோணும். நீங்க சீமையில இருக்கறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

நான் விடவில்லை. வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் அவருக்கும் பொறுமை போயிற்று. குரலைத் தாழ்த்தி, சிரிப்பை மட்டும் விடாமல், இப்படிச் சொன்னார்.

"ஏனுங்க சிஸ்டர், நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. ரோடு போட்டுட்டேன்னு வெச்சுக்கங்க. அதுக்கப்பறம் உங்கண்ணன் நான் சொல்ற பக்கம் ஓட்டுப் போடுவாருங்களா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரோடு வரும்வரை ஓட்டு அவருக்கு. ரோடு வந்துவிட்டால் ஓட்டு கைவிட்டுப் போகும். அதனால் ரோடு வராது. என்றைக்கும் வராது. குகை வாசலில் சூடம் ஏற்றும்போதே அவர் அதை யோசித்துத்தான் வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் அண்ணி செத்தது மழையால் இல்லை, விதியால் இல்லை. இந்த ஆள் போட்ட கணக்கால்.

வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் அந்தப் பாதையில் விழுந்து எழுந்து போனேன். அண்ணனிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் காப்பிப் பழம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியுங் கண்ணு" என்றார்.

"தெரிஞ்சுமா அந்தாளுக்கு ஓட்டுப் போடறீங்க? உங்க பொண்டாட்டியக் கொன்னவனுக்கா?"

"சத்தியம் அவருக்குப் பண்ணலை சாமி. சேர்வராயனுக்குப் பண்ணுனது. அவரு ஏமாத்துனா அது அவரு பாவம். நாங்க மீறுனா அது எங்க பாவம்."

என் வாழ்க்கையில் நான் அண்ணனைக் கைநீட்டி அடித்ததில்லை. அன்றைக்கு அடித்துவிடுவேனோ என்று பயந்து எழுந்து வெளியே போய்விட்டேன். இந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அயோக்கியனுக்குக் கட்டிக்கொடுத்த வேலி மாதிரி ஆகிவிட்டது அது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினேன். மூப்பர் சொன்ன வார்த்தை என்றார்கள். சாமி காரியம் என்றார்கள். ஒருத்தர், "நீ சீமைக்குப் போயி சாமிய மறந்துட்ட" என்றும் சொன்னார். லீவு முடிவதற்கு முன்பே மூட்டையைக் கட்டினேன். ரொம்ப நாள் நான் அண்ணனுக்குப் பதில் கேசட் அனுப்பவில்லை.

6

இடையில் நடத்தாமலே போட்டுவைத்திருந்த பஞ்சாயத்துத் தேர்தல் சென்ற வருஷம் மறுபடி வருகிறது என்றார்கள். அதற்குள் ஒண்டிக்கடையில் எஸ்.டி.டி. பூத் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அங்கே வந்து நிற்பார், நான் கூப்பிடுவேன். ஒரு ஞாயிறு அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ரோடு வெட்டறோங் கண்ணு" என்றார்.

"யாரு? கவர்மெண்டா?"

"நாங்கதான். ஊட்டுக்கு ஒரு ஆளு."

ரோடு வந்தால்தானே சத்தியம் தீரும்? வரவிடாமல் ஒருத்தன் தடுத்தால், நாமே கொண்டுவந்துவிட வேண்டியதுதான். ஊர்கூடி அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். பட்டா நிலத்திலேயே ஓரம் ஓரமாக ஒவ்வொருத்தரும் இடம் விட்டுக் கொடுத்தார்கள். அண்ணனுடைய காய்க்கிற காப்பிச் செடிகள் ஒரு வரிசை அப்படியே போயிற்று. பாறையைச் சம்மட்டியாலும் கடப்பாரையாலும் உடைத்தார்கள், ஓடையில் கல் அடுக்கினார்கள். பெண்கள் மண் சுமந்தார்கள். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படத் தெரியவில்லை. தன் ஓட்டைத் திருப்பி வாங்க ஒரு ஊர் மலையை உடைக்க வேண்டுமா? வாக்குத் தவறியவன் மேஜைக் கண்ணாடிக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டிருக்கிறான், வாக்குக் காப்பாற்றுகிறவர்கள் உள்ளங்கை கிழிய மண் வெட்டுகிறார்கள். போனில் அண்ணனிடம் அதைத்தான் கத்தினேன். அவர், "பில்லு ஏறுது கண்ணு, அப்பறமாத் திட்டு" என்றார்.

பலாமரத்தடியிலிருந்து ஊர் வரைக்கும் ஒரு ஜீப் ஏறுகிற அளவுக்கு மண் ரோடு முடிந்தது. முதலில் ஏறி வந்தது யார் ஜீப் என்று நினைக்கிறீர்கள்? தலைவருடையதுதான். ஓட்டுக் கேட்டு வந்தார். அண்ணன், "ரோடு வந்துருச்சுங்க. சத்தியம் தீந்துபோச்சுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

தலைவர் கீழே இறங்கி, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தாராம். "இது ரோடா மூப்பரே? பாதையக் கொஞ்சம் அகலம் பண்ணியிருக்கறீங்க. ரோடுங்கறது நான் போடறது. ரோடு வர்ற வரைக்கும்னு சேர்வராயன் முன்னால சொன்னீங்க, ஞாபகம் வெச்சுக்கங்க. அப்பறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அந்த ரோட்டிலேயே இறங்கிப் போயிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் குரல் செத்துப்போயிருந்தது. ஊருக்குள் சந்தேகம் வந்துவிட்டது. நாமே வெட்டிக்கொண்டது வந்த ரோடு ஆகுமா? சாமி அதை ஒத்துக்கொள்ளுமா? தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்குமோ? நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் முட்டாத குறை. "அண்ணா, ஜீப்பு ஏறுச்சில்ல? அவன் ஜீப்பே ஏறுச்சில்ல? அப்பறம் என்னங்ணா?" என்றேன். "எங்க மனசு தெளியோணுமில்ல கண்ணு" என்றார். அத்தனை கல்லை உடைத்தவர்களால் அந்த ஒரு சந்தேகத்தை உடைக்க முடியவில்லை. மறுபடியும் அவனுக்கே போடப் போகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் வார்டில் யாரிடமும் நான் நல்லபடியாகப் பேசவில்லை.

ஆனால் தலைவருக்கு வேறு ஒரு நெருக்கடி வந்திருந்தது. மற்ற மலை ஊர்களில், இத்தனை வருஷம் இருந்து ஒரு ரோடாவது போட்டாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். காட்டுவதற்கு ஒரு ரோடு வேண்டும். கண் முன்னால் ஒன்று கிடந்தது. பலாமரத்தடியில் இரவோடு இரவாக ஒரு பெரிய பச்சைப் போர்டு முளைத்தது. ரோடு போட்டதாக அவர் பில்லும் போட்டுப் பணம் எடுத்தாரா என்பது அந்தச் சேர்வராயனுக்குத்தான் வெளிச்சம். நெல்லிமூலையில் எவன் இதைப் படிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் படித்தார். போர்டு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி, திரும்பத் திரும்பப் படித்தாராம். போனில் எனக்கும் மனப்பாடமாகச் சொன்னார். "நெல்லிமூலைச் சாலை. தலைவர் அவர்களின் பெருமுயற்சியால் அமைக்கப்பட்டது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "அதைப் பிடுங்கிப் போடுங்ணா! அடுப்புல வெய்யுங்க! உங்க ரத்தத்துல வெட்டுன ரோட்டுக்கு அந்த நாயி பேரா?" என்று கத்தினேன். மீனா கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"இரு கண்ணு, இரு. ஏம் பிடுங்கறது?" அண்ணன் குரலில் அவசரமே இல்லை. "ரோடு வந்துருச்சுன்னு அவரே எழுதி வெச்சுட்டாரில்ல. அவரே போட்டதுன்னும் எழுதியிருக்கறாரு. இனி அது ரோடு இல்லைன்னு அவரு வாயால சொல்ல முடியாது. ஊரையே கூட்டிட்டுப் போயி அந்தப் போர்டுக்கு முன்னால நிறுத்திப் படிச்சுக் காட்டுனேன். எல்லாத்துக்கும் மனசு தெளிஞ்சுபோச்சு. அந்த எடத்துலயே சேர்வராயனுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டுட்டு வந்துட்டோம்."

தேர்தல் முடிந்த ஞாயிறு கூப்பிட்டேன். தலைவர்தான் மறுபடியும் ஜெயித்தார். லாட்ஜும் பஜாரும் அவர் பக்கம், வளைவுக்குப் புது பெயிண்ட் அடித்துத் தருகிறாராம். நான் போனிலேயே அந்த ஊரை, பஜாரை, வளைவின் மயிலை எல்லாம் சேர்த்துத் திட்டினேன். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊரு என்னதான் பண்ணுச்சு? யாருக்குப் போடச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லலை கண்ணு. அவங்கவங்க மனசுக்குப் பட்டதப் போடுங்கன்னுட்டேன். பக்கத்து ஊட்டுக்காரன் எதுல குத்துனான்னுகூட எனக்குத் தெரியாது. பூத்துல பொம்பளைங்க உள்ள போனவங்க வெளிய வரவே நேரமாச்சு. சீட்டு முழுக்கப் பாத்துட்டு நின்னாங்களாமா."

"சரி, நீங்க யாருக்குப் போட்டீங்க? எங்கிட்டச் சொல்லுங்க."

அண்ணன் சிரித்தார். அண்ணி போனதற்கப்புறம் அவர் சிரித்து நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"அது என்னோட ஓட்டு சாமி. உங்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.